அக்கா ஊருக்கும் தம்பி ஊருக்கும் நடுவில்

தல்லாகுளத்தில் நான் வேலை பார்க்கும் விமான டிக்கெட் ஆபீசுக்குள் அத்தை செருப்போடு வந்து நின்ற காலைப்பொழுது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. எழுமலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். "மாப்ள, அக்கா ஊருல இருந்து தம்பி ஊருக்குப் போக எம்புட்டு நேரம்? சட்டுன்னு சொல்லு" என்றாள். இப்போதும் ஹெல்சிங்கியிலிருந்து லிஸ்பனுக்கு யாராவது டிக்கெட் கேட்டால் பக்கத்து சீட்டுக்காரரிடம் அனுப்பிவிடுகிறேன்.

அத்தையின் மகள் ஹெல்சிங்கியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மகன் லிஸ்பனில் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தான். அத்தைக்கு இரண்டும் ஐரோப்பா, அவ்வளவுதான். மாமா போனபின் கையில் வைத்திருந்த ஒரே ஆண்பிள்ளையை அவள் துணிந்து அனுப்பியதே, "அதான் அக்காக்காரி அங்கன இருக்காளே" என்ற தைரியத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகளுக்கு போன் போட்டு, "தம்பியக் கூப்பிட்டு ஒரு வாய் கறிச்சோறு போடு" என்பாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். மகளும் "சரிம்மா" என்று சொல்லி வைப்பாள்.

பைக் லாரியில் மோதி மகன் நினைவில்லாமல் கிடக்கிறான் என்று அவனோடு தங்கியிருந்த பையன் சொன்னபோது, எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் செய்வதையே அத்தையும் செய்தாள். மகளிடம் மறைத்துவிட்டாள். மகளுக்கு ஏழாம் மாதம். பிள்ளைத்தாச்சியிடம் கெட்ட சேதி சொல்லக்கூடாது. நிலைமை மோசமானால் கூப்பிட்டுக்கொள்ளலாம், ஒரு எட்டில் போய்விடுவாள் என்று இரண்டு நாள் பொறுத்திருக்கிறாள். இப்போது டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

"மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல அத்தை. நேராப் பறந்தாலே அஞ்சு மணி நேரம். இங்கேருந்து டெல்லி போறதவிடத் தூரம்."

அத்தை சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். "இந்தா பக்கத்துல இருக்குற உசிலம்பட்டிக்குப் போறாப்புல நெனச்சுட்டேனேப்பா. பிள்ளைய ஒத்தையில போட்டுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தூரத்தைச் சொன்ன என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மகளிடம் நான்தான் சொன்னேன். அழுதுகொண்டே கிளம்பினாள். நேராகப் போகும் விமானத்தில் அன்றைக்கே ஒரு இடம் கிடைத்தது. அது கிளம்பியதும் என் செல்போனில் அது போகும் வழியை அத்தைக்குக் காட்டினேன். கடுகளவு விமானம் ஊர்ந்துகொண்டிருந்தது. "வெரசாப் போகச் சொல்லு மாப்ள, அவ குரல் கேட்டா கண்ண முழிச்சிருவான்" என்று, நான்தான் ஓட்டுகிறேன் என்பதுபோலக் கெஞ்சினாள். கடவுளே, அதை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்க்க முடியாதா என்று எனக்கும் இருந்தது.

பாதி வழியில்தான் லிஸ்பனிலிருந்து போன் வந்தது. அந்தப் பையன் அழுதான். என் முகத்தைப் பார்த்தே அத்தைக்கு விளங்கிவிட்டது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். வெகுநேரம் கழித்து என் செல்போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். விமானம் இன்னும் போய்க்கொண்டிருந்தது.

"இனி மெதுவாவே போகட்டும் மாப்ள" என்றாள். "எறங்குற வரைக்கும் அவளுக்குத் தம்பி இருக்கான்ல."