ரிசல்ட்டுக்கு ஒத்திகை

2009-இல் நான் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணிப் படிப்பில் முதல் வருஷம். அண்ணாமலை நகர் ஹாஸ்டலில் இருந்து வாரத்துக்கு இரண்டு நாள் கடலூருக்கு பஸ் ஏறி, ஒரு பெண்கள் பள்ளியில் ஃபீல்டு வொர்க்குக்காகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் போய்க்கொண்டிருந்தேன். பிள்ளைகள் மனசு உடைந்த பிறகு ஓடுவதைவிட, உடைவதற்கு முன்னாலேயே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்பது அப்போது எனக்குப் பிடித்திருந்த பைத்தியம். முதல் நாள் சார்ட் ஒட்டி, மன அழுத்தம் என்றால் என்ன என்று மூச்சுவிடாமல் பேசினேன். நாற்பது பேரும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்கள். முடிந்ததும் முதல் பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள்.

“மிஸ், இது அஞ்சு மார்க்கா, பத்து மார்க்கா?”

திரும்பும் பஸ் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் வேறு யோசனை வந்துவிட்டது. ஆண்டு விழா நாடகத்துக்கு ஒரு மாதம் ஒத்திகை பார்க்கிறோம். ரிசல்ட் அன்றைக்கு மட்டும் பிள்ளையை ஒரு தயாரிப்பும் இல்லாமல் தள்ளிவிடுகிறோமே?

அடுத்த வாரம் சீட்டுகளில் மார்க் எழுதி, மடித்து, டிபன் பாக்ஸில் குலுக்கி ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னேன். பன்னிரண்டு பேர் ஃபெயில். “அய்யோ, ஃபர்ஸ்ட் ரேங்க் ஃபெயிலுடீ!” என்று ஒரே சிரிப்பு. இப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அழுவேன், போர்த்திக்கிட்டுத் தூங்குவேன், கணக்கு மிஸ்ஸோட கனவுல போயி பயமுறுத்துவேன் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மார்க் கேட்டாளே, அந்தப் பெண், சாதாரணமாகச் சொன்னாள்: “நான் வீட்டுக்குப் போவ மாட்டேன் மிஸ்.”

“பின்ன எங்க போவ?”

“அத இன்னும் யோசிக்கல.”

வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவசரமாக எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஃபெயிலானால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்? ஃபெயிலானால் உங்களிடம்தான் முதலில் வந்து சொல்வேன் என்று அந்த ஆளிடம் இப்பவே போய்ச் சொல்லி வைத்துவிடுங்கள்.

பரீட்சை வருஷத்தில் நம் வீடுகளில் அந்த வார்த்தையையே எடுக்க மாட்டார்கள் என்பது எப்படித்தான் மறந்ததோ. நான் ப்ளஸ் டூ படித்தபோது மோட்டார் ஃபெயிலாகிவிட்டது என்று சொல்லக்கூட அப்பாவுக்கு அம்மா தடை போட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை எச்.எம். அறையில் அந்தப் பெண்ணின் அப்பா நின்றிருந்தார். தேவனாம்பட்டினத்தில் போட் இன்ஜின் பார்க்கும் மெக்கானிக். அவள் தேடிப் பிடித்த ஆள் அவர்தான்.

“ஏம்மா, பொதுத்தேர்வுக்கு முன்னாடி பொண்ணு வாயால ஃபெயில்னு சொல்ல வெச்சிருக்கியே, நல்லாருக்கா? சாப்புடும்போது வந்து சொல்லுது. அவங்கம்மா தட்டக் கீழ வெச்சிட்டா.”

எச்.எம். என்னைப் பார்த்தார். “இனிமே யோகா மட்டும் சொல்லிக் குடும்மா.”

மன்னிப்புக் கேட்கத்தான் சைக்கிள் ஸ்டாண்டு வரை அவர் பின்னால் போனேன். “வெளையாட்டுக்கு ஏன் இப்டிச் செய்யிற?” என்றார். விளையாட்டு இல்லை என்று காட்டும் வேகத்தில், வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அவள் சொன்னதை உளறிவிட்டேன்.

“எம்பொண்ணா?”

“ஆமா சார். ஆனா அப்புறம் உங்ககிட்டதானே வந்து சொல்லியிருக்கு.”

வண்டியில் சாவியைப் போட்டவர் திருகவில்லை. “சரி, ஒருவேளை அப்டி ஆச்சின்னா நான் என்னா சொல்லணும்? அதையும் நீயே சொல்லு” என்றார். எனக்கா வார்த்தைக்குப் பஞ்சம்? மூன்று வாக்கியம் சொன்னேன். ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டு மைக்கில் அறிவிப்பு செய்வதுபோல இருந்தது. அவரே தலையை ஆட்டிக்கொண்டார். “இப்டிப் பேசுனா அது என்னெப் பாத்தே பயந்துடும்.”

இங்கே பேசுவது இங்கேயே இருக்கும் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தவள் நான். அன்று சாயங்காலமே அவளிடம் ஒப்புக்கொண்டேன். “சொல்லிட்டீங்களா மிஸ்?” என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு பல வாரம், யோகாவில் கண்ணை மூடச் சொன்னால் அவள் மட்டும் திறந்து வைத்திருப்பாள். கோபமாக இருந்தாலும் வகுப்புக்கு வந்தாளே என்று இருந்தது எனக்கு.

அடுத்த மே மாதம், ரிசல்ட் அன்று, ஃபீல்டு வொர்க் எப்போதோ முடிந்திருந்தும் கடலூருக்கு ஓடினேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் வாசலில் கூட்டம். எதிர்ப்புறம் பேக்கரி நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் அப்பா நின்றிருந்தார்.

“உள்ள போவலியா சார்?”

“அது வந்து சொல்றேன்னுச்சே. சொல்லட்டும்.” கிரீஸ் போகாத விரலால் ஹேண்டில்பாரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தொண்டையை இரண்டு தடவை செருமினார்.

அவள் வெளியே வந்தாள். படியில் நின்று ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். என்னைத் தாண்டி நேராக அவரிடம் போனாள்.

“ப்பா. கணக்குல போச்சி. மத்ததெல்லாம் பாஸு.”

அவர் வாயைத் திறந்தார். நான் சொல்லிக்கொடுத்த மூன்றில் ஒன்றுகூட வரவில்லை. மகள் முகத்தைப் பார்த்தார், பேக்கரியைப் பார்த்தார்.

“பன்னு சாப்புடுறியா?”

அவளுக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. துப்பட்டாவில் மூக்கைத் துடைத்தாள்.

“பன்னு வேணாம்ப்பா. பப்ஸ்.”

“எனக்கும் ஒண்ணு சொல்லு,” என்றார். “திரும்ப எழுதணும்னா ஃபார்ம் எங்க குடுக்குறாங்க?”

“ஸ்கூல்லதான்” என்றாள் அவள். இருவரும் கடைக்குள் போனார்கள். நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன்.