கரைக்குத் தள்ளும் பட்டன்

ஸ்லாவியப் புராணங்களில் ருசால்கா என்றொரு நீர்ப்பெண் உண்டு. அருகே வரும் ஆண்களைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்வாள். நாம் அவளாக மாறி ஆடும்படி ஒரு வீடியோ கேம் செய்தேன். நாகர்கோவிலில் என் அறைக்கு வந்த குளச்சல் தோழி ஜெனிபாதான் முதலில் விளையாடினாள்.

அவள் ஒருவனையும் இழுக்கவில்லை. படகிலிருந்து விழுந்து தத்தளித்தவனையே சுற்றிச் சுற்றி நீந்தினாள். எல்லாப் பட்டன்களையும் அழுத்திப் பார்த்தாள். பாயின்ட் ஏறவே இல்லை.

“என்னத்தத் தேடுக?” என்றேன்.

“ஏட்டி, இவனக் கரைக்குத் தள்ளுகதுக்கு பட்டன் எங்க?”

சில வருடங்களுக்கு முன் ஒரு புயலன்று மீன்பிடிக்கக் கடலுக்குப் போன அவள் அப்பா இன்றுவரை திரும்பவில்லை.

அன்றே அந்தப் பட்டனைச் சேர்த்தேன். இப்போது யார் விளையாட வந்தாலும் நான் திரையைப் பார்ப்பதில்லை. அவர்கள் விரல் எந்தப் பட்டனுக்குப் போகிறது என்றுதான் பார்க்கிறேன்.