டப்பாவுக்குள் போன பூ

என் மருமகள் கல்யாணமாகி வந்தபோது கையில் ஒரு ஒயர் கூடை கொண்டுவந்தாள். பச்சையும் ரோஸும் கலந்தது. அவளுடைய அம்மா, அதாவது என் சம்பந்தி, தன் கையால் பின்னியது. எம். புதுப்பட்டியில் அந்த அம்மா பின்னின கூடை இல்லாத வீடே கிடையாது என்று சொல்வார்கள். யார் சொல்வார்கள் என்று கேட்டால், அந்த அம்மாதான் சொல்வார்.

நான் இருப்பது நாரணாபுரத்தில். மருமகள் வேலைக்குப் போவது நான் முப்பது வருஷம் வேலை பார்த்த அதே பட்டாசுக் கம்பெனி. நான் முதலில் திரி சுற்றினேன். பிறகு கேட்டில் நிறுத்தினார்கள். உள்ளே வருகிற பெண்களைச் சோதித்து அனுப்புகிற வேலை. பிஸ்கட் டப்பா ஒன்றைக் கேட்டில் வைத்தவள் நான்தான். ஊக்கு, சாவி, ஹேர்பின், பொத்தான், இரும்போ பித்தளையோ எதுவானாலும் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கொண்டையை இரண்டு விரலால் அமுக்கிப் பார்ப்பேன். ஏச்சு நிறைய வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஆளில்லாத அறையின் கூரை மேலே போனதைப் பார்த்தவள் நான். அதற்குப் பிறகு யார் ஏசினாலும் எனக்கு உறைக்கவில்லை.

இந்தத் தீபாவளிக்கு முன்னால், லீவு விடுகிற அன்று, கம்பெனியில் புதிதாக ஒரு சட்டம் சொன்னார்கள். சாப்பாட்டுத் தூக்கு எப்போதும் போலக் கேட்டை ஒட்டிய ஷெட்டோடு நின்றுவிட வேண்டும். மாற்றுத் துணி கொண்டுபோகிற பை மட்டும் உள்ளே குளிக்கிற இடம் வரைக்கும் வரலாம். அதுவும் பருத்திப் பையாக இருக்கவேண்டும். நைலான், பிளாஸ்டிக், ஒயர் எதுவும் கூடாது. என் மருமகள் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கிறவள். சாயங்காலம் தலை முதல் கால் வரை வெள்ளி பூசின மாதிரி ஆகிவிடும். குளித்துத் துணி மாற்றாமல் வீட்டுக்கு வரமுடியாது. ஆக, அவளுக்குப் பை இல்லாமல் தீராது.

லீவில் இரண்டு குடும்பமும் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனோம். ஆற்றங்கரையில் அடுப்புக் கூட்டி, பானை பொங்கி, குலவை போட்டு முடிந்ததும் சம்பந்தி ஒரு பெரிய பொட்டலத்தைப் பிரித்தார். இன்னொரு ஒயர் கூடை. பழையதைவிடப் பெரியது.

"மதினி, உள்ள விடமாட்டேங்காகளாம். அது சின்னக் கூடைய. இதப் பாத்தா விட்டுருவாக. யானையக் கட்டி இழுக்கலாம், பிரியாது" என்றார்.

"யானை இழுக்கவா நம்ம பிள்ள போகுது? பூச்சட்டி அடைக்கப் போகுது மதினி. நைலான் உரசினாப் பொறி வரும்னு நான் கேட்டுல நின்னு தொண்ட வறளக் கத்தியிருக்கேன்."

"அப்ப துணியத் தலையில சுமந்துக்கிட்டுப் போகணுமாக்கும்?"

"நான் போட்டுத் தாரேன் பை. பருத்தி நூலுல, குரோஷாவுல. முன்னால ஒரு பூவும் வச்சு."

சம்பந்தி கையில் இருந்த பொங்கலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"பூவா! நீங்களா! அடுத்தவ தலையில இருந்த பூவையே பிடுங்குன ஆளு நீங்கன்னுல்ல எங்க ஊருல பேச்சு."

"பூவ யாரு பிடுங்கினா? பூவுக்குள்ள இருந்த ஊக்கப் பிடுங்கினேன்."

"எதப் பிடுங்கினாலும் பிடுங்குன கைதான. அந்தக் கையில பூப் பூக்குமா?"

எனக்குச் சுருக்கென்றது. சொல்லிவிட்டேன்: "மதினி, ஆத்தா சன்னிதியில வச்சுச் சொல்லுதேன். கம்பெனி திறக்கிற அன்னைக்கு என் பை கேட்டுல நிக்காமப் போகும். நின்னுச்சுன்னா, இந்தா இருக்கே, இந்த ஒயர் கூடையத் தூக்கிக்கிட்டு நான் சிவகாசி மார்க்கெட்டுக்குப் போறேன். நீங்களும் கூட வந்து பாருங்க."

"வாரேன், வாரேன். வராம எங்க போகப்போறேன்" என்றார் சம்பந்தி. என் மகன் இன்னொரு கரண்டி பொங்கல் வைத்துக்கொண்டான்.

குரோஷா என்கிற கொக்கி ஊசிப் பின்னல் எனக்குப் புதிது. போன வருஷம் எங்கள் மகளிர் குழுவில் பத்து நாள் வகுப்பு நடத்தினார்கள். கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். பட்டாசு லேபிளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றவள் நான். தமிழையே கூட்டித்தான் படிப்பேன். தாளை மடித்து இடுப்பில் செருகிவிட்டு டீச்சரின் விரலையே பார்த்தேன். முப்பது பேரில் முதலில் வட்டம் போட்டு முடித்தவள் நான்தான். சின்னப் பெண்கள் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

நூலுக்குக் கஷ்டமில்லை. என் மகன் ராஜபாளையம் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறான். இரண்டு கோன் நூல் வாங்கிவந்தான். ஒற்றை இழை மெலிசு, மூன்று இழையைச் சேர்த்துப் பிடித்தேன். அடியை நீள்வட்டமாகத் தொடங்கி, சுற்றிச் சுற்றி மேலே ஏறினேன். அவசரப்படவில்லை. காலையில் சமையல் முடிந்தால் உட்காருவேன், வெயில் வாசலைத் தாண்டினதும் எழுந்துவிடுவேன்.

முதல் பை ஆறு நாளில் முடிந்தது. கனம் தாங்குமா என்று பார்க்க இரண்டு படி அரிசியைக் கொட்டித் தூக்கினேன். இடுப்புக்கு வரவேண்டிய பை முழங்காலுக்குப் போனது. கைப்பிடி ரப்பர் மாதிரி நீண்டது. பருத்தி நூல் அப்படித்தான், இடம் கொடுத்தால் இறங்கிக்கொண்டே போகும். மருமகள் பார்த்துவிட்டு, "அத்தை, இதுல என்னையவே வச்சுத் தூக்கிட்டுப் போகலாம் போலயே" என்றாள். அத்தனையையும் அவிழ்த்தேன். மறுபடி, இந்தத் தடவை ஊசி நுழையத் திணறுகிற அளவுக்கு இறுக்கிப் போட்டேன். கைப்பிடியை இரட்டையாகப் போட்டேன். அரிசியைக் கொட்டினேன். அசையவில்லை. அந்தப் பையில் இன்றைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது.

பூவில்தான் வந்தது வினை. சிவப்பு நூலில் ஆறு இதழ். ஒவ்வொரு இதழும் குவிந்து, நுனியில் லேசாக மடங்கி, அழகாகத்தான் வந்தது. ஆனால் நடு வளையத்தைத் தளர்வாகப் போட்டுவிட்டேன். ஒரு மிளகு நுழைகிற அளவுக்கு ஓட்டை. நடு வளையம் சரியாகவேண்டுமானால் பூ முழுவதையும் அவிழ்க்கவேண்டும். பை முழுவதையும் சலிக்காமல் அவிழ்த்தவளுக்கு இந்தப் பூவை அவிழ்க்க மனசு வரவில்லை. மறுநாள் விடிந்தால் கம்பெனி திறப்பு வேறு. பெட்டியில் ஒரு பழைய வெல்வெட் ரவிக்கை கிடந்தது. அதில் பித்தளைப் பொத்தான்கள், ஒவ்வொன்றும் காராமணி அளவு. ஒன்றை அறுத்து, ஓட்டைக்கு நடுவே வைத்துத் தைத்தேன். சிவப்புக்கு நடுவில் மஞ்சள் பளபளவென்று நின்றது. ஓட்டை போன இடம் தெரியவில்லை. மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அய்யோ, எம்புட்டு அழகா இருக்கு அத்தை" என்று தோளில் மாட்டிப் பார்த்தாள்.

கம்பெனி திறப்பன்று பூஜை, பொரிகடலை, சந்தனம் எல்லாம் உண்டு. அன்று முழுக்க எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் கம்பெனி வேன் வந்து நின்றது. மருமகள் இறங்கினாள். தோளில் பை இருந்தது. பையின் முன்னால் சிவப்பு நூல் ஒரு முழம் தொங்கியது. பூவைக் காணோம்.

"பூ எங்க?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கியிருக்கிறாள்.

"டப்பாவுல கிடக்கு அத்தை."

"எந்த டப்பாவுல?"

"நீங்க வச்ச டப்பாவுலதான்."

இப்போது கேட்டில் நிற்கிற போர்மேன் யாரென்று சொல்லவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அரைஞாண் கயிற்றில் சைக்கிள் சாவியைக் கட்டிக்கொண்டு வந்தவன். மூன்று நாள் கேட்டிலிருந்தே திருப்பி அனுப்பினேன். இன்றைக்கு அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. மருமகளின் பையை வாங்கி, கைப்பிடியைத் தடவி, அடியைத் தட்டி, கடைசியில் பூவை இரண்டு விரலால் அமுக்கியிருக்கிறான். நான் கொண்டையை அமுக்கின அதே மாதிரி. அமுக்கினவன் அப்படியே நின்றுவிட்டானாம்.

"இது யாரு போட்டது?" என்று கேட்டானாம்.

"எங்க அத்தை."

"அக்காவா? ஏத்தா, நெசமாவா சொல்லுத? அக்காவா பொத்தான் வச்சாக?"

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்களாம். அவன் பிளேடை வைக்காமல், மருமகளையே நூலைப் பல்லால் கடிக்கச் சொல்லி, பூவைத் தனியாக எடுத்து டப்பாவில் வைத்தானாம். வேலை முடிந்து வருகையில் பூவைத் திருப்பிக் கொடுக்க வந்தவனிடம் மருமகள், "அத்தைகிட்டக் கேட்டுட்டு வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

பித்தளை ஆகாது என்பது எனக்குத் தெரியாதா? வெல்வெட் ரவிக்கை போட்டுக்கொண்டு வந்தவளையே கேட்டில் நிறுத்தினவள் நான். ஒரு ஓட்டையை மறைக்கிற அவசரத்தில் முப்பது வருஷமும் மறந்துபோனது.

"உங்க அம்மாகிட்டச் சொல்லாத" என்றேன்.

"நான் சொல்லல அத்தை. ஆனா வேன்ல எங்க ஊருப் பொம்பளைக எட்டுப் பேரு வாராகளே."

மறுநாள் காலையில் மகனுடைய போன் அடித்தது. எடுத்து என்னிடம் நீட்டினான்.

"மதினி, சௌக்கியமா இருக்கீகளா? பூ ரொம்ப நல்லா இருந்துச்சாம்ல. டப்பாவுக்குள்ள."

"ஞாயித்துக்கிழம வாங்க மதினி, மார்க்கெட்டுக்குப் போவோம்" என்றேன். சொன்ன சொல் சொன்னதுதான்.

ஞாயிறு காலை சம்பந்தி முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். பட்டுச் சேலை. மார்க்கெட்டுக்குப் பட்டு கட்டிக்கொண்டு வந்தவரை அன்றுதான் பார்த்தேன். நான் அந்தப் பெரிய ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன். பழைய கம்பெனிப் பெண்கள் நாலைந்து பேர் எதிரில் வந்தார்கள். "என்னக்கா, பூப் போட்ட பை எங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "சோதனைக்குப் போயிருக்கு" என்றேன்.

உள்ளதைச் சொல்லவேண்டும். கத்திரிக்காய், முருங்கைக்காய், மேலே ஒரு கிலோ சாளை மீன். மீன் தண்ணீர் எல்லாம் ஒயர் இடுக்கு வழியாக வழியிலேயே வடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினேன், கூடை புதிதாகிவிட்டது. நூல் பையில் இது நடக்காது.

"கூடை நல்ல கூடைதான் மதினி" என்றேன்.

சம்பந்திக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. முகம் இளகிவிட்டது. "பைய எடுங்க, பாப்போம்" என்றார். மடியில் போட்டு, இழுத்துப் பார்த்து, கைப்பிடியைக் கடித்தே பார்த்தார். "பை நல்லாத்தான் இருக்கு. இம்புட்டு இறுக்கமாப் போடத் தெரிஞ்சவுக பூ நடுவுல ஏன் ஓட்ட விட்டீக?"

"விட்டேன். அவுக்க மனசில்ல."

"அவுக்காமலே அடைக்கலாம். நூலக் கொண்டாங்க."

மஞ்சளில் தோய்த்துக் காயவைத்த நூலை எடுத்துக்கொடுத்தேன். ஒயர் கூடையில் சிவன்கண் என்று ஒரு முடிச்சு உண்டு. நாலு பக்கமும் வளைந்து, நடுவில் கண் மாதிரி நிற்கும். அந்த அம்மா அதைப் பருத்தி நூலில் போட்டார். ஒயருக்குப் பழகின கை, நூல் குழைந்து குழைந்து போனது. இரண்டு தடவை சரியாக வரவில்லை. மூன்றாவது தடவை கெட்டியாக, காராமணி போல ஒரு முடிச்சு உட்கார்ந்தது. நான் புதிதாக ஆறு இதழ் போட்டேன். நடுவில் முடிச்சை வைத்துத் தைத்ததும் ஓட்டையும் இல்லை, பித்தளையும் இல்லை.

"நடுப்பூ என்னுது" என்றார் சம்பந்தி.

"சுத்துப்பூ என்னுது" என்றேன்.

திங்கட்கிழமை நானே மருமகளோடு வேனில் ஏறினேன். போர்மேன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"யக்கா, நீங்க எதுக்கு இம்புட்டுத் தூரம்? சொல்லிவிட்டா நான் அப்பிடியே விட்டுருவேன்ல."

"ஏலே, அப்பிடியே விடுவியா? அதுக்காகவாலே உன்னைய மூணு நாளு திருப்பி அனுப்பினேன்? அமுக்கிப் பாரு."

அமுக்கினான். இரண்டு விரலால், நிதானமாக, இதழ் இதழாக. நடு முடிச்சைக் கொஞ்சம் கூடுதலாகவே அமுக்கினான். பையை மருமகளிடம் கொடுத்தான். அவள் உடம்பில் ஏறின மின்சாரம் இறங்க வாசலில் இருந்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். பின்னால் நின்றவர்கள், "அக்கா, எங்களுக்கு?" என்று கேட்டார்கள். "முதல்ல வரிசையில போங்க" என்றேன். பழக்கம் போகவில்லை.

டப்பாவைத் திறந்து பழைய பூவை நீட்டினான் போர்மேன். பித்தளைப் பொத்தான் இன்னும் பளபளவென்றுதான் இருந்தது.

"இங்கனயே கிடக்கட்டும்லே" என்றேன். "புதுசா வர்ற பிள்ளைகளுக்குக் காட்டு. அந்த அக்காவே வச்சிருந்தாகன்னு சொல்லு."

"பேரச் சொல்லட்டுமாக்கா?"

"சொல்லு. பின்ன, ஆளு தெரியவேண்டாமா?"

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் மீன் வண்டி வந்தது. கையில் கூடை கொண்டுவராமல் போய்விட்டோமே என்றிருந்தது.