மீனுக்காகப் புகார் சொன்ன எஸ்தர் அக்கா

அமரவிளைக் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போன என் கணவர் வெறும் புட்டியோடு திரும்பி வந்தார். நான் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். கடை பூட்டியிருந்ததா என்று கேட்டேன்.

"கடை உண்டு. எஸ்தர் சிஸ்டர் போயாச்சு. மலையில வச்சு காய்ச்சலாம். பஸ்ஸில வந்த ஆள் சொன்னான்" என்றார்.

உடனே அழுகை வரவில்லை. பிள்ளையின் தலையில் இருந்த சோப்பு கண்ணில் இறங்கிவிடுமோ என்றுதான் பதறினேன். கழுவித் துடைத்து, சட்டை போட்டு, பால் கொடுத்துத் தொட்டிலில் இட்ட பிறகுதான் உட்கார்ந்தேன். அப்போதும் வந்தது கோபந்தான். அது அடங்கியிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். எஸ்தர் அக்காவைப் பற்றி எழுதவேண்டியவர்கள் எல்லோரும் எழுதி முடித்துவிட்டார்கள். பேசவேண்டியவர்கள் பேசியும் ஆயிற்று. நான் பிந்தி எழுதுகிறேன், அவரை அறிந்த உங்களுக்காக.

அடுத்த ஞாயிறு ஆலயத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில் நீங்கள் இருந்தீர்கள். நம் சபைச் செயலாளர் எழுந்து, "சகோதரி எஸ்தர் ஒரு தவறு செய்தார். அதை நாம் மன்னித்துவிட்டோம். இனி அவருடைய ஊழியத்தை மட்டும் நினைவில் வைப்போம்" என்றார். நீங்கள் ஆமென் சொன்னீர்கள். பெண்கள் பக்கத்தில் இருந்த நான் சொல்லவில்லை. அந்தத் தவறு என்ன என்று அன்று யாரும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன்.

மிஷன் ஆஸ்பத்திரியில் அக்கா நர்ஸ். இந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரை முதலில் தொட்ட கை அவருடையது. என் மகளை முதலில் தொட்டதும் அந்தக் கைதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடுமுறை கிடைத்தால் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, துணி உறை போட்ட ஒரு கம்போடு கள்ளிக்காட்டுக்குப் பஸ் ஏறுவார். அங்கிருந்து மேலே நடந்தால் நெய்யாறு பாறைகளுக்கு நடுவே ஆழமாகத் தேங்கும் ஒரு கயம் உண்டு. குயில் என்று நாம் சொல்லும் மீன் அங்கேதான் கிடக்கும். செதில் ஒவ்வொன்றும் கால் ரூபாய் நாணயம் போல இருக்கும். இழுத்தால் கையை உடைக்கும்.

புழுவைக் குத்தி மிதப்புக் கட்டிக் கரையில் குந்தியிருக்கும் தூண்டல் அல்ல அது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு மிஷன் டாக்டரின் மனைவி விட்டுப்போன பழக்கம். கொக்கியில் சேவலின் மயிரையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டவேண்டும். அந்தப் பூச்சிக்குக் கனமே கிடையாது. எறிந்தால் நம் முகத்திலேயே விழும். கனமெல்லாம் கொழுப்புத் தடவிய பட்டு நூலில். அதைத் தலைக்கு மேலே பின்னும் முன்னும் வீச, நூல் நீண்டு போகும்போது பூச்சியும் கூடவே போய்த் தண்ணீரில் மெல்ல உட்காரும். அக்கா வீசினால் உட்கார்ந்த இடத்தில் வட்டம்கூட எழும்பாது.

பூச்சி கட்டிக் கொடுத்தது நான். கல்லூரியில் விலங்கியல் படித்தவள். படித்ததற்கு இந்த ஊரில் வேறு உபயோகம் இருக்கவில்லை. ஆற்றுக் கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சியைப் பார்த்து, அதே நிறத்தில் கட்டுவேன். வயிற்றில் பிள்ளையோடு இருந்த மாதங்களில் வேறு வேலை ஓடவில்லை. பூச்சியாகக் கட்டித் தள்ளினேன். என் மாமி வளர்த்த பூவன்கோழிக்குக் கழுத்து மொட்டையானது.

"எக்கா, உங்க மருமவ கோழிக்கு முடி வெட்டி விட்டிருக்கா?" என்று அடுத்த வீட்டுக்காரி கேட்டபோது மாமி சொன்னார்: "சிஸ்டர் வந்து பிள்ளையைப் பெறுவிச்சுத் தரணும்லா. கோழி மொட்டையா நடக்கட்டு."

மாமி அன்று அப்படித்தான் பேசினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரின் மனைவி கொடுத்த கம்பு அவர்கள் நாட்டுச் சிறு மீனுக்கு உள்ளது. முதல் குயில் கொத்தியதுமே நுனி முறிந்துவிட்டது. வேறு வாங்க அக்காவோடு நானும் திருவனந்தபுரம் போனேன். இரண்டு பெண்கள் தூண்டல் கேட்டு வந்ததில் கடைக்காரருக்கு ஒரே ரசம். இருப்பதிலேயே நீளமாக, வார்னிஷ் மின்னும் கம்பை எடுத்து நீட்டினார். அக்கா அதன் நுனியை என் கையில் தந்து இழுக்கச் சொன்னார். இரண்டு தடவை வீசிப் பார்த்தார்.

"இது வள்ளத்துல நிண்ணு கடல்மீன் இழுக்கதுக்குள்ளதாக்கும். ஒரு நாள் வீசினா எனக்க தோள் கழண்டு போவும்" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு கொக்கி ஒன்றைக் குறட்டால் பிடித்து வளைத்தார். அது ஈர்க்கில் போல நிமிர்ந்தது. "குயிலுக்க வாய் பாக்குவெட்டியாக்கும். இத வச்சுக் கடிச்சா எனக்கு ஊசிதான் திரும்பக் கிட்டும்."

"சேச்சி மீன் பிடிக்கானோ போகுன்னது, யுத்தத்தினோ?" என்றார் கடைக்காரர்.

"யுத்தத்துக்குன்னா உங்க கொக்கியே போதும். நிமிர்ந்த பெறவு குத்தவாவது செய்யலாம்."

கடைசியில் மங்கிப்போன, நடுவில் நன்றாக வளைந்து கொடுக்கிற ஒரு மூங்கில் கம்பை மூலையிலிருந்து தேடி எடுத்தார். பஸ்ஸில் வரும்போது சொன்னார்: "முதல்ல எந்த மீனுன்னு நினைக்கணும். பெறவு நூலு. பெறவு நூலுக்குச் சேர்ந்த கம்பு. அதத் தூக்குற கை யாருக்க கைன்னும் நினைக்கணும். பளபளப்ப மட்டும் நினைக்கப்பிடாது." அன்று முதல் நான் எந்தச் சாமான் வாங்கினாலும், பிள்ளைக்குப் பால்புட்டி வாங்கினால்கூட, இந்த வரிசையில்தான் யோசிக்கிறேன்.

சினை மீன் கிடைத்தால் அக்கா திரும்ப விட்டுவிடுவார். சின்னதையும் விடுவார். ஆற்றங்கரையில் துணி அலசிய ஒருவர், "பிடிச்ச மீன விடுகதுக்கா சிஸ்டர் இவ்வளவு தூரம் பஸ்ஸுக்குப் பைசா குடுத்து வாறீங்க?" என்று கேட்டார். "நீங்க கோயிலுக்குப் போறது அப்பம் தின்னவா?" என்றார் அக்கா. கேட்டவர் சிரித்துச் சிரித்துத் துணியை ஆற்றில் விட்டுவிட்டார்.

இனி அந்தத் தவறு.

மேலே பாறை உடைக்கும் வேலை நடந்தது. பாறைக்கு வைக்க வந்த வெடித் தோட்டா கயத்துக்கும் வந்தது. திரியைக் கொளுத்தி எறிந்தால் ஒரு நிமிடத்தில் பெரிய மீன் கூடைக்கும், விரல் நீளக் குஞ்சுகள் வெள்ளை வெள்ளையாக ஆற்றோடும் போகும். கூடைகள் நெய்யாற்றின்கரைச் சந்தைக்குப் பகலிலேயே போயின. கொண்டு போனவர் செயலாளரின் மச்சினன். இது ரகசியமல்ல, செயலாளர் வீட்டு நிச்சயதார்த்தப் பந்தியில் அந்தக் குயில் மீனைத்தான் நீங்கள் எல்லோரும் சாப்பிட்டீர்கள். அக்கா இலையில் விழுந்த துண்டைத் தொடவில்லை.

ஒரு நாள் திரி சீக்கிரம் எரிந்து ஒருவனுக்குக் கை போயிற்று. துண்டில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். தைத்தது அக்கா. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், கூலிக்கு எறிந்தவன். தோட்டா தந்தது யார் என்று அவனே சொன்னான். பிள்ளைக்கு அம்மை குத்த வந்திருந்த நான் தட்டியின் மறுபக்கம் நின்று கேட்டேன். அக்கா கையைக் கழுவினார். "வா மக்கா, போலீஸ் ஸ்டேஷன் வரை ஒண்ணு போயிட்டு வருவோம்" என்றார்.

அது எந்தக் காலம் என்று உங்களுக்குத் தெரியும். நம் தமிழ்ப் பகுதி தமிழ் ராஜ்யத்தோடு சேரவேண்டும் என்று கமிட்டி கூட்டிய ஊர்வலத்தில் போனவர்களை அடித்து வண்டியில் ஏற்றிய காலம். நானும் அந்த ஊர்வலத்தில் போனவள்தான். என் மகள் தமிழில் படிக்கவேண்டும் என்று நானும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன். அப்படிப்பட்ட நாளில் ஸ்டேஷனுக்குள் போய் 'தோட்டா' என்று சொன்னால் போலீஸின் காதில் ரயில் தண்டவாளமும் பாலமும்தான் கேட்கும். அக்காவின் மனத்தில் குஞ்சுமீனும் போன கையும் மட்டுமே இருந்தன. ஆற்றை மட்டும் பார்த்துப் பழகியவருக்கு வரக்கூடிய பிசகு அது. செயலாளர் சொல்லும் தவறு அதல்ல.

நான் ஸ்டேஷன் பெஞ்சில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

"தோட்டா யாருடெ கையில்? கமிட்டிக்காருடெ பேரு பற" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கமிட்டிய எனக்குத் தெரியாது. கயத்துல தோட்டா போடுற ஆளத் தெரியும்" என்று செயலாளரின் மச்சினன் பேரைச் சொன்னார் அக்கா. வேறு ஒரு பேரும் சொல்லவில்லை.

"ஒரு மீனினு வேண்டியோ நீ இவிடெ வந்நது?"

"மீனுக்கு வேண்டித்தான் வந்தேன். மனுசனுக்கு வேண்டி வந்தா நீங்க கேக்கவா போறிய?"

இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. பிள்ளை வீறிட்டது. வெளியே கொண்டு போ என்று அவர் சத்தம் போட்டார். நான் எழுந்துவிட்டேன். அக்கா என் சேலையைப் பிடித்து இருத்தினார். "அழட்டு மக்கா. இவிய காதுலயும் கொஞ்சம் விழட்டு."

மச்சினனை யாரும் தொடவில்லை. சில நாட்கள் கழித்துப் போலீஸ் வந்து, கமிட்டியில் மூன்று பேரைப் பிடித்துக்கொண்டு போயிற்று. அவர்களில் ஒருவரான சாலமன் அண்ணனுக்கு அங்கே வாங்கிய அடியில் ஒரு காது போயிற்று. மறுநாளே ஊர் முழுக்கப் பேச்சு: நர்ஸ் காட்டிக்கொடுத்துவிட்டாள். யார் வாயிலிருந்து அது புறப்பட்டது என்று தேடிப் பார்த்தேன். ஒவ்வொருவரும் கைகாட்டிய திசை செயலாளர் வீடு.

நான் அவரிடமே போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிள்ளைக்காரி, வீட்டுல இருந்து பிள்ளையப் பாரு. உனக்க மாப்பிளைக்குச் சர்க்கார் உத்தியோகமாக்கும்" என்றார். என் கணவரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். சாலமன் அண்ணன் வெளியே வந்ததும் அவரிடம் சொன்னேன். "அவிய எங்க பேர எழுதி வச்சுக்கிட்டுல்லா வந்தாவ. சிஸ்டருக்க பேரு அங்க வரவே இல்ல" என்றார். டீக்கடையிலும் அதையே சொன்னாராம். 'அடி வாங்கினதுல மூளை கலங்கிட்டு, பாவம்' என்று அவர் காதுபடவே பேசினீர்கள். ஒரு காதுதான் போயிருந்தது, மற்றதில் கேட்டது.

அதன் பிறகு பிரசவத்துக்கு அக்காவைக் கூப்பிடுவதை நிறுத்தினீர்கள். அவர் வந்தால் தண்ணீர்ப் பானையை மூடினீர்கள். கோழி மொட்டையாக நடக்கட்டும் என்ற என் மாமி, அக்கா பிள்ளையைப் பார்க்க வந்தபோது தொட்டிலை உள்ளே இழுத்துக்கொண்டார். அக்கா வாசலில் நின்றபடியே, "பல்லு முளைக்குற நேரமாக்கும், காய்ச்சல் அடிக்கும், பயப்படாண்டாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவே காய்ச்சல் அடித்தது. நான் மட்டும் பயப்படவில்லை.

ஆஸ்பத்திரிக்காரர்களும் எத்தனை நாள் தாங்குவார்கள். மலைத்தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவரை அனுப்பினார்கள். அங்கே மலைக்காய்ச்சல் உண்டு என்பது அனுப்பியவர்களுக்கும் தெரியும், போனவருக்கும் தெரியும். இதற்குப் பிறகும் மன்னிக்கிறீர்களாம். அக்கா உங்களை மன்னித்தாரா என்று யாராவது கேட்டீர்களா? கேட்க அவர் இல்லை என்றதும்தான் மன்னிக்கும் தைரியமே உங்களுக்கு வந்தது.

எல்லை கீறியாயிற்று. விளவங்கோடு தமிழ்ப் பக்கம், நாம் மலையாளப் பக்கம். வெற்றி பெற்றவர்களும் தோற்றவர்களும் மாலை போட்டுக்கொண்டார்கள். கயத்தில் இப்போதும் வெடி கேட்கிறது என்று கள்ளிக்காட்டிலிருந்து வருகிறவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இது இரண்டாவது பிள்ளைக்கு ஏழாம் மாதம். போன வாரம் மாமி என் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நீரு வச்சிருக்கு. இப்ப ஆரைக் கூப்பிடுகது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நீங்களும் உங்கள் வீடுகளில் கேட்கப்போகிறீர்கள்.

அக்காவின் கம்பு மலையில் எங்கே போயிற்றோ தெரியவில்லை. என்னிடம் இருப்பது ஒரு தகர டப்பா. பூச்சிக்கும் நூலுக்கும் நடுவே கட்டுகிற நரம்பு அதில் இருக்கிறது. பட்டுப்புழுவின் வயிற்றிலிருந்து இழுத்து எடுப்பது. உலர்ந்தால் சுள்ளென்று முறிந்துவிடும் என்பதால் நனைத்த கம்பளித் துணிக்கு நடுவில் வைக்கவேண்டும். மலைக்குப் போகிற அன்று பஸ் ஜன்னல் வழியாக அக்கா அதைத் தந்தார். "நனைச்சு வை. வாறப்ப வாங்கிக்கிடுவேன்" என்றார். பிள்ளைக்குப் பால் காய்ச்சியதும் அந்தத் துணியில் தண்ணீர் தெளிப்பது என் வேலை. செய்தி வந்த நாளிலும் தெளித்தேன்.

இதை வருகிற ஞாயிறு ஆலயத்தில் வாசிக்க நேரம் கேட்டிருக்கிறேன். செயலாளர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். தராவிட்டால், ஆராதனை முடிந்து நீங்கள் இறங்கி வரும் படியில் நின்று வாசிப்பேன், இன்ஸ்பெக்டரின் கேள்வியும் அக்காவின் பதிலும் உட்பட. அப்போது இடுப்பில் என் மகள் இருப்பாள். வெயிலும் கூட்டமும் அவளுக்கு ஆகாது, வீறிடுவாள்.

அழட்டும்.