உறை பிரிக்காமல் சொன்ன பதில்

வெள்ளவத்தைச் சந்தைச் சுவரில் ஒட்டியிருந்த மாயாஜால விளம்பரத்தை நான் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன். எதைக் கண்டாலும் இலக்கமிட்டு எழுதும் பழக்கம் எனக்குச் சுருக்கெழுத்து வகுப்பில் தொற்றியது. மூன்று மொழிகளிலும் அச்சடித்த அந்தத் தாளில் ஆறு வாக்குறுதிகள் இருந்தன.

ஒன்று, உயிருள்ள யானையை மேடையில் மறைத்தல். இரண்டு, இளம்பெண்ணை வாளால் இரண்டாக அறுத்தல். மூன்று, எத்தனை முறை கவிழ்த்தாலும் வற்றாத செம்பு. நான்கு, அந்தரத்தில் நிற்கும் கயிற்றில் ஏறி மறைதல். ஐந்து, சபையோரின் மோதிரம் பெட்டி விட்டுப் பெட்டி பாய்தல். ஆறு, உறையில் இட்டு ஒட்டிய எந்தக் கேள்விக்கும் உறையைப் பிரிக்காமல் பதில். இவற்றுக்கு மேலே தலைப்பாகை கட்டிய ஒருவர் கண்களை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கொப்பியை வாங்கி ஆறாவதை மட்டும் இரண்டு தரம் வாசித்தாள். பிறகு, போவமா என்று கேட்டாள். அதற்கு முன் அவள் எங்கேயாவது போவமா என்று கேட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அக்காவின் கணவர், என் அத்தான், மலாயாவில் ரயில்வே எழுதுவினைஞராக இருந்தார். வசதியான வீடு கிடைத்ததும் அக்காவைக் கூப்பிடுவதாக எழுதியிருந்தார். யப்பான்காரன் அந்த நாட்டைப் பிடித்தபின் கடிதம் நின்றுவிட்டது. பெற்றோர் இல்லாத எங்களுக்கு ஊரில் தனி வீடு கிடையாது. எனக்குக் கொழும்பு புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரின் கந்தோரில் தட்டச்சு வேலை கிடைத்ததும் அக்கா என்னோடு வெள்ளவத்தைக்கு வந்துவிட்டாள். கடற்கரைப் பக்கமான ஒழுங்கையில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தோம். இருபத்தைந்து சொற்களுக்குள் செய்தி எழுதச் சொன்ன அரசாங்கப் படிவத்தை அத்தானுக்கு மூன்று முறை நிரப்பி அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

விளம்பரத்தைக் கண்ட அதே கிழமையில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து அக்காவின் மாமனார் எழுதியிருந்தார். அவர் கொடுமைக்காரர் அல்ல. பெற்ற மகனைப் பற்றி அப்படி ஒரு கடிதம் எழுத எத்தனை நாள் எடுத்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் வீட்டில் எந்த நல்ல காரியமும் செய்ய முடியவில்லை, மகளுக்குப் பேசிய சம்பந்தம் அப்படியே நிற்கிறது, சாதகம் பார்த்தவரும் கையை விரித்துவிட்டார், ஆடி அமாவாசைக்குக் கீரிமலைத் தீர்த்தத்தில் கடமையைத் தொடங்கிவிடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நீயும் வந்து நிற்க வேண்டும். இவ்வளவுதான் கடிதம். வந்து நிற்பது என்றால் தாலிக்கொடியைக் கழற்றி, பொட்டை அழித்துக்கொண்டு நிற்பது. அதை அவர் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை.

காட்சி கொட்டாஞ்சேனையில், சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு. கேள்வியை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போகலாம் என்று விளம்பரத்தில் இருந்தது. வித்தைக்காரர் இந்தியாவின் வடக்கே எங்கோ இருந்து வந்தவர் என்பதால் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னாள் அக்கா. அத்தான் உயிரோடு இருக்கிறாரா என்று நான் தொடங்கினேன். அக்கா தாளை என் கைக்குக் கீழிருந்து இழுத்துவிட்டாள்.

"அப்பிடி எழுதாதை. அந்தச் சொல்லை ஏன் எழுதுறாய்? எப்ப வருவார் எண்டு எழுது."

எங்கள் வீடுகளில் விளக்கை அணை என்றுகூடச் சொல்வதில்லை, நூர்த்துவிடு என்போம். போகிறேன் என்று சொல்லி யாரும் படலை தாண்டுவதில்லை. அந்தச் சொல்லை அவள் கையால் ஒரு தாளில் வைத்து அந்நியனிடம் கொடுப்பது நடக்காத காரியம். புதுத் தாள் எடுத்து, மலாயாவில் இருக்கும் என் கணவர் எப்போது வருவார் என்று எழுதினேன். உறையை ஒட்டிய பிறகு, கந்தோரில் முக்கியமான கடிதங்களுக்குச் செய்வதுபோல, மடிப்புக்குக் குறுக்கே தலைமயிர் அளவில் ஒரு பென்சில் கோடு போட்டேன். யாராவது பிரித்து மறுபடி ஒட்டினால் கோட்டின் இரண்டு பாதிகளும் நேராகச் சேராது. இதைச் சந்தேகத்தால் செய்யவில்லை. கை தன்பாட்டில் செய்தது.

கோட்டை நிலையம் வரை ரயிலில் போய், ட்ராமில் ஏறி, மிச்சத் தூரத்தை நடந்தோம். அக்கா கலியாணத்துக்கு அடுத்த வருடம் அத்தான் அனுப்பிய அரக்குச் சேலை உடுத்திருந்தாள். வாசலில் ஒரு மனிதன் வெள்ளித் தட்டில் உறைகளை வாங்கிக்கொண்டான். தட்டு உள்ளே போனது. எங்கே போனது என்று பார்க்க நானும் நினைக்கவில்லை.

காட்சி எப்படி இருந்தது என்று கந்தோரில் எல்லோரும் பிறகு கேட்டார்கள். நான் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். யானை வரவில்லை. மெல்லிய திரைக்குப் பின்னால் யானை உருவம் ஒன்று அசைந்தது, விளக்கு நூர்ந்து மறுபடி எரிந்தபோது அது இல்லை. பெண்களின் பக்கத்தில் எனக்கு அடுத்த கதிரையில் இருந்த முஸ்லிம் மாமி ஒருவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "ஆனைண்டு செல்லித்தானே, மகள், கூப்பிட்டான். இது ஆனையோட நெழல்" என்றார். வாளால் அறுத்த பெண்ணின் தலை இருந்த பாதியில் கைவிரல்களுக்கு மருதோன்றி இட்டிருந்தது. பெட்டியின் மறுபாதியில் அசைந்த கால்கள் வேறு நிறம். கயிற்று வித்தை காலநிலை காரணமாக இல்லை என்று அறிவித்தார்கள். கயிற்றுக்கும் காலநிலைக்கும் என்ன தொடர்பு என்று பின்வரிசையில் ஒருவர் சிங்களத்தில் கேட்டதும் சபை சிரித்தது.

ஆனால் செம்பு உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஒவ்வொரு வித்தைக்கும் நடுவில் வித்தைக்காரர் மேடை ஓரத்துக்கு வந்து அதைக் கவிழ்ப்பார், தண்ணீர் வரும். எண்ணினேன், ஒன்பது தரம். மோதிரம் எப்படிப் பெட்டிக்குள் போனது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. சொன்ன ஆறில் இரண்டு தேறின.

ஆறாவது வித்தை இடைவேளைக்குப் பிறகு வந்தது. கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு உறையாக நெற்றியில் வைத்து ஆங்கிலத்தில் பதில் சொன்னார். உள்ளூர்க்காரர் ஒருவர் சிங்களத்திலும் தமிழிலும் மாற்றிச் சொன்னார். நான் வாசலில் தந்த துண்டுப்பிரசுரத்தின் பின்புறத்தில் எல்லாவற்றையும் சுருக்கெழுத்தில் எடுத்தேன். பந்தயக் குதிரை, உத்தியோக உயர்வு, தொலைந்த பசுமாடு. பிறகு, கடலுக்கு அப்பால் இருப்பவருக்காகக் காத்திருக்கும் பெண் எழுந்து நிற்க வேண்டும் என்றார்கள்.

அக்கா எழுந்தாள். கை தாலிக்கொடியைப் பிடித்திருந்தது.

"அம்மா, உங்கள் கணவர் இந்த வருடம் முடியுமுன் உங்கள் வாசலில் வந்து நிற்பார்" என்றார் மொழிபெயர்த்தவர்.

சபை கைதட்டியது. மாமி தன் கதிரையிலிருந்து எட்டி அக்காவின் முழங்கையைத் தடவி, அல்லாஹ் அப்படியே ஆக்கட்டும் என்றார். அக்கா உட்கார்ந்தபோது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன். ஆறு உறைகள் தாண்டி ஒரு முதியவர் எழுந்து நின்றார். அவருடைய மகன் சிங்கப்பூரில். அந்த மகனும் வருடம் முடியுமுன் வாசலில் வந்து நிற்பான் என்றார்கள். அதையும் எழுதினேன். இரண்டு வாக்கியங்களும் ஒரே குறியீடுகள்.

பிரிக்கவில்லை என்பதை நாங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று போகும்போது உறைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். ரயிலில் யன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். பென்சில் கோடு மடிப்பில் அரை நெல் அகலம் விலகியிருந்தது. பசை இன்னும் ஈரமாக இருந்தது.

அடுத்த நாள் காலையில், தேநீர் குடித்து முடித்ததும், உறையை மேசையில் வைத்துக் கோட்டைக் காட்டினேன். சிங்கப்பூர் மகனைக் கேட்ட முதியவருக்குச் சொன்ன பதிலையும் வாசித்தேன். அக்கா விலகிய இடத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தாள்.

"தெரியும். எப்ப வருவார் எண்டு கேட்டா ஒரு நாளைத்தானே சொல்லுவாங்கள்" என்றாள். தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு, "ரண்டு வருசமா ஒருத்தரும் வருவார் எண்டு வாய் திறந்து சொல்லேல்லை. நீயும் சொல்லேல்லை" என்றாள்.

அது சரிதான். நான் படிவங்களை நிரப்பினேன், திகதி வாரியாகக் கோவையில் வைத்தேன். வருவார் என்ற சொல்லைச் சொன்னதில்லை.

பிறகு மாமனாருக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். மார்கழி முடியும் வரை பொறுக்க வேண்டும் என்று. காரணம் கேட்பாரே என்றேன். நடந்ததை எழுது என்றாள். பெரிய மேடையில், எல்லோர் முன்னிலையிலும், உறையைப் பிரிக்காமல் சொன்னார்கள் என்று எழுதினேன். பென்சில் கோட்டைப் பற்றி எழுதவில்லை. நான் தெரிந்தே எழுதிய முதல் பொய் அது. மாமனார் பத்து நாளில் பதில் அனுப்பினார். சாதகத்தைக்கூட அரைமனதோடு பார்க்கும் மனிதர், அந்த வித்தைக்காரர் சொன்ன சொற்களை அப்படியே எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தார். தை அமாவாசை வரை பொறுப்பதாகவும், அதற்குமேல் மகளின் காரியத்தைத் தள்ள முடியாது என்றும் எழுதியிருந்தார். சொற்களைத் தட்டச்சில் அடித்து அனுப்பினேன்.

ஆடி அமாவாசை போனது. ஐப்பசி மழை வந்தது. மார்கழியில் அக்கா விடியற்காலையில் வாசலைக் கழுவிக் கோலம் போட்டாள், முன்பு அவள் அதைத் தவறாமல் செய்ததில்லை. தபாற்காரன் வரும் நேரத்தில் உள்ளே போய்விடுவாள். கடைசி வாரத்திலும் யாரும் வரவில்லை. தை பிறந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பெட்டியை எடுத்துத் துடைத்தாள்.

எனக்கு லீவு கிடைக்கவில்லை. கோட்டையில் யாழ்ப்பாண ரயிலில் ஏற்றிவிட்டேன். பொட்டோடுதான் போனாள். யன்னலால் என்னைப் பார்த்து, சாப்பாட்டை விட்டுவிடாதே என்றாள்.

அமாவாசை கழிந்து எட்டாம் நாள் அவளுடைய கடிதம் வந்தது. கடமை குறையில்லாமல் நடந்தது, மாமா மிகவும் தளர்ந்துவிட்டார், மச்சாளின் கலியாணம் பங்குனியில், நான் இந்த வீட்டிலேயே இருக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாள். கடைசியில், கொழும்பில் விட்டுவந்த சேலைகளில் வெள்ளையானவற்றை மட்டும் அனுப்பு, மற்றவற்றை நீ உடு என்றிருந்தது.

அலுமாரியைத் திறந்து எல்லாவற்றையும் கட்டிலில் போட்டுப் பிரித்தேன். மொத்தம் பதின்மூன்று. அரக்கு, கிளிப்பச்சை, மஞ்சள், நாவல் நிறம். வெள்ளை என்று சொல்லக்கூடியது ஒன்று இருந்தது, அதற்கும் சிவப்புக் கரை. கரையை வெட்டி எடுத்து, ஓரத்தைத் தைத்து, தபாலில் சேர்த்தேன்.