கஸ்தூரி அக்கா பூத்தின் தாழ்ப்பாள்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். என் பங்கையும் மறைக்க மாட்டேன்.

கஸ்தூரி அக்கா இறந்துவிட்டார். இன்று காலை, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில்...

நைனார்பாளையம் பஸ் ஸ்டாப்பில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாரே, அவர்தான். போன் போன பிறகு அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் பலகை அடித்து, ஊருக்காகப் புத்தகம் அடுக்கி வைத்தார்.

உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். போன் பேசுகிறவர்களுக்காக அந்தக் காலத்தில் போட்டது. சின்னப் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு படக்கதை படிப்பார்கள், வெளியே வரவே மாட்டார்கள்.

நான் கதவைத் தட்டினால் அக்கா பழைய பழக்கத்தில் சொல்வார்: "உள்ள ஆள் இருக்குது. வெளிய நில்லு."

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்: "எவ்ளோ நேரங்க்கா நின்னுகினு இருக்கறது? அந்தத் தாப்பாளக் கழட்டிடுங்க."

"இன்னாடி, பரிட்சைக்குக்கூட இவ்ளோ அவசரப்பட மாட்டியே!"

சிரித்துக்கொண்டே கழற்றி என் கையில் கொடுத்தார். "இந்தா, மெடலா குத்திக்கோ."

வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்துத் தெரு மல்லிகா அக்கா தலையில் ரத்தம் வழிய ஓடி வந்து பூத்துக்குள் புகுந்தார். பின்னாலேயே அவர் புருஷன். கையில் கொடுவாள்.

மல்லிகா அக்காவின் கை தாழ்ப்பாளைத் தேடியது. நாலு ஸ்குரூ ஓட்டையைத்தான் தடவியது. எதிரே பஸ்ஸுக்கு நின்றிருந்த நான் பார்த்தேன்.

கஸ்தூரி அக்கா ஓடிப்போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார்.

"தள்ளுடி!"

"உள்ள ஆள் இருக்குது. வெளிய நில்லு."

முதல் வெட்டு கண்ணாடியில். அடுத்தது தோளில். மூன்றாவது கழுத்தில்... பக்கத்து டீக்கடை ஆட்கள் பெஞ்சைத் தூக்கி அவனை அடித்துச் சாய்க்கும்வரை அக்காவின் முதுகு கதவை விட்டு நகரவில்லை.

மல்லிகா அக்கா பிழைத்துவிட்டார். அவனைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது.

"பழைய கதவு, தாப்பா ஒடஞ்சி பூட்ச்சி போல" என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். உடையவில்லை. நான்தான் கழற்றச் சொன்னேன். இத்தனை நாளும் அது என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்தது.

இன்று சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு போனேன்.

"கண்ணாடியே இல்ல, இப்ப இன்னாத்துக்கும்மா தாப்பா?" என்றார் டீக்கடை அண்ணன்.

"போடுங்கண்ணா."

அதே நாலு ஓட்டையில் ஸ்குரூ வைத்து முடுக்கினார்.

போய் வாங்க அக்கா... நான் வெளியேதான் நிற்கிறேன்.

பூத்துக்குக் கரண்ட் டீக்கடையிலிருந்துதான். கடை சாத்தும்போது அண்ணன் பூத் லைட்டையும் அணைத்துவிட்டார்.