முப்பது எழுத்து மட்டை

அந்த மட்டையை முதன்முதல் விரித்த காலையில் மாமாவின் கட்டிலடியில் மாமியும் நானும் இருந்தோம். அப்பா வரவில்லை. "எழுத்து வேலைக்கு நான் என்னத்துக்கு" என்று மண்வெட்டியோடு போய்விட்டார். அவர் வந்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும்.

சண்டை நின்றிருந்த சமாதான காலம் அது. முன்பு இடம்பெயர்ந்தபோது மாமா தண்ணி இறைக்கிற மெசினைத் தறப்பாளில் சுற்றி, தனியாக எங்கோ மண்ணுக்குள் தாட்டுவிட்டுப் போனவர். வட்டக்கச்சிக்குத் திரும்பி, காணி துப்புரவாக்கி, மிளகாய் நட்ட கிழமை, மெசினைக் கிண்டி எடுக்க முதலே பாரிசவாதம் அவரை விழுத்திவிட்டது. கண் இமை தவிர ஒன்றும் அசையாது. நாங்கள் கதைப்பது விளங்கும். பதில் சொல்ல வழியில்லை. ஆயிரத்திருநூறு கன்று வெயிலில் நின்றது. வாளியால் அள்ளி எத்தனைக்கு ஊற்றுவது?

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். மாமாவை வளவுக்குக் கொண்டுபோய் இடம் இடமாகக் காட்டிக் கேட்போம் என்று மாமி சொல்ல, எழுத்தென்றால் பிழைக்காது என்று நான்தான் தடுத்தேன். பிஸ்கட் பெட்டி மட்டையில் உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் கொட்டையாக எழுதினேன். ஈர்க்கால் ஒவ்வொன்றாகத் தொடுவேன். வேண்டிய எழுத்தில் அவர் இமைக்கவேண்டும். இமைத்தார். ங், ஔ, ழ். ஒரு சொல்லும் சேரவில்லை. நானாக ஏதோ வாசித்துக்கொண்டு பனையடி, கிணற்றடி என்று கிண்டிக் கை கொப்பளித்தது. "வடிவாப் பாத்துச் சிமிட்டுங்கோ மாமா" என்று ஒருநாள் அதட்டியேவிட்டேன். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

மாமி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டா. "தம்பி, அவருக்கு எழுத்துத் தெரியாது. பேப்பர் விரிச்சு வைச்சிருக்கிறது சும்மா. ஆரிட்டையும் சொல்லாதை எண்டு கலியாணம் முடிச்ச கிழமை கேட்டவர்."

அப்பாவுக்கும் தெரிந்திருந்தது. அவரும் மாமாவும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போகாதவர்கள்.

மாமாவைக் கதிரையில் இருத்தி வளவுக்குத் தூக்கிவந்தோம். மாமி இடம் இடமாகப் போய் நின்று, "இதிலையோ?" என்றா. மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் மாமா இமைத்தார். மெசின் இரண்டாம் இழுவையிலேயே வேலை செய்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. பாத்திகளில் காய்ந்த குச்சிதான் நின்றது.

அசைய முடியாதவர் நினைக்கிற எழுத்தை, மூளையில் பதித்த கருவி திரைக்குக் கொண்டுவருகிறதாம். இப்போது பத்திரிகையில் வாசிக்கிறேன். படத்தில் திரை நிறைய எழுத்து. அதற்கு முன்னால் இருத்தினாலும், என் மனம் நோகாமலிருக்க மாமா அன்றைக்கு இமைத்ததுபோல எதையாவது நினைத்துக்கொண்டிருப்பார். என் மட்டை பிந்திய இடம்பெயர்வில் தொலைந்துபோனது. ஆனால் அந்த முப்பது எழுத்தும் எழுதிய ஒழுங்கிலேயே கண்ணுக்குள் நிற்கின்றன. பார்க்கப் பார்க்க என்மேல்தான் எரிச்சல். எழுத்துத் தெரியுமோ என்று ஒரு வார்த்தை கேட்காததற்குப் போனது இருபத்துமூன்று நாளும் ஆயிரத்திருநூறு கன்றும்.